பெயர் எழுதப் போனவர்கள்

ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தபோது, இந்தியத் தேர்தல் ஆணையம் பிறந்து மூன்று மாதம் நிறைந்திருக்கவில்லை. அவருடைய ஆசிரமம் அன்று திருவண்ணாமலை ஊருக்கு வெளியே இருந்தது. செங்கம் சாலையோரம் சேஷாத்ரி சுவாமிகள் சமாதி, அடுத்து ஆசிரமம், அதற்கு மேற்கே பலாக்கொத்து, பக்தர்கள் கட்டிக்கொண்ட சில வீடுகள். அதற்கப்பால் வெட்டவெளி. நாடெங்கும் வீடு வீடாகப் போய் வாக்காளர் பெயரை எழுதி எடுக்கும் வேலை அதற்கு ஈராண்டு முன்பே தொடங்கியிருந்தது. அரசியல் சாசனம் எழுதி முடிவதற்குள் வாக்காளர் பட்டியல் எழுதப்படத் தொடங்கிவிட்டது என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

தேர்தல் என்றதும் வாக்குப்பதிவு நாள்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் கூலிக்கும் மதிப்பூதியத்துக்கும் உழைப்பவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. 1951-52 பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். பட்டியலைத் தட்டச்சு செய்து தொகுதிவாரியாகத் தொகுப்பதற்கென்றே ஏறத்தாழ 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார்கள். பட்டியல் அச்சிட 3,80,000 ரீம் காகிதம் செலவானது. எழுதப் படிக்கத் தெரிந்தும் வேலையில்லாமல் இருந்த பலருக்கு, புதிய குடியரசு கொடுத்த முதல் சம்பளம் அதுவாக இருந்திருக்கும். ஆறு மாதம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் தட்டிய பெயர்கள் பட்டியலில் தங்கின.

நம் பக்கத்துக் கிராமங்களில் பெயர் எழுதிக் கொடுத்தவர் கர்ணம். பரம்பரை உத்தியோகம். யார் வீட்டில் எத்தனை பேர், யார் மகன் பட்டணம் போனான், யார் மகள் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் அவருக்கு அடங்கலைப் பார்க்காமலே தெரியும். திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு தெருவை எழுதி முடிக்க அவரால் முடியும். கணவர் பெயரை வாயால் சொல்லாத பழக்கம் அன்று வீட்டுக்கு வீடு இருந்தது. அண்ணாமலை என்று தெருவுக்கு நாலு பேர் இருந்த இந்த ஊரில், ஒரு பெண் மலையைக் கைகாட்டினாலே எழுதுகிறவருக்குப் புரிந்துவிடும்.

வடக்கே அந்தக் கைகாட்டல் உதவவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் சொல்லித் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களை முதல் பட்டியலிலிருந்து நீக்க உத்தரவிட்டார் சுகுமார் சென். பெயரில்லாமல் வாக்கில்லை என்பது அவர் முடிவு. கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலான பெண்கள் தம் பெயரைச் சொல்ல முன்வந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவாகவே எனக்குப் படுகிறது.

கர்ணத்தின் அறிவுக்கு மறுபக்கமும் உண்டு. எல்லாரையும் தெரிந்த அவருக்கு, யாரைத் தெரியாதது போல விட்டுவிடலாம் என்பதும் தெரியும். சேரியின் கடைசிக் குடிசை, கூலிக்கு வந்து தங்கிய குடும்பம், வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றவன் இவர்களெல்லாம் ஒருவருடைய பேனாவை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. தேர்வெழுதித் தேறிய கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.க்கள்) அந்த இடத்துக்கு வந்தார்கள். வெளியூர்க்காரரான வி.ஏ.ஓ.வுக்குத் தெருவைப் பற்றிய மனப்பாடம் கிடையாது. தெருவின் பழைய பகையும் கிடையாது.

பெட்டி விஷயத்திலும் அன்றைய வேலை வேறு மாதிரி இருந்தது. முதல் இரண்டு பொதுத் தேர்தல்களிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. வாக்காளர் தம் சீட்டைத் தமக்குப் பிடித்தவரின் பெட்டியில் போடுவார். எனவே வாக்குப்பதிவுக்கு முன்பே பெட்டி பெட்டியாகச் சின்னம் ஒட்டிச் சரிபார்த்துத் தயாராக வைக்க வேண்டும். 1951-52க்கு மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இரும்புப் பெட்டிகள், 8,200 டன் எஃகு. 1962இலிருந்து எல்லாருக்கும் ஒரே பெட்டி, ஒரே சீட்டு, முத்திரை என்று ஆனது. பெட்டி குறைந்தது, அச்சகத்து வேலை கூடியது. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே தைக்க வேண்டி வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம் வந்ததும் சீட்டை எண்ணி, மடித்து, கட்டுக்கட்டாகக் கட்டும் வேலை முடிந்துபோனது. இன்று அந்த இடத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனப் பொறியாளர்கள் வந்து இயந்திரங்களை முதல்நிலைச் சரிபார்ப்பு செய்கிறார்கள். கட்சிப் பிரதிநிதிகள் பார்த்திருக்க, கணினி குலுக்கிப்போட்ட வரிசையில் எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, எந்தச் சாவடிக்கு என்று தீர்மானமாகிறது. லாரியிலிருந்து பெட்டியை இறக்கும் சுமைத் தொழிலாளியின் தோள் மட்டும் இரண்டு காலத்துக்கும் பொதுவாக இருக்கிறது.

அரசு கொடுத்த வேலைகளைவிடக் கட்சிகள் கொடுத்த வேலைகள்தாம் நகரத்துப் பையன்களுக்கு நெருக்கமானவை. சுவர் எழுத்து அதில் முதன்மையானது. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரைப் பிடித்து வைப்பார்கள். பிறகு ஓவியர் வருவார். முதலில் நூல் போட்டுக் கோடு. வெளிக்கோட்டுக்கு ஒல்லித் தூரிகை. உள்ளே நிரப்பத் தட்டைத் தூரிகை. நிரப்புவது எடுபிடிப் பையனின் வேலை. 'ற'வின் வளைவும் 'ழ'வின் சுழியும் ஆளுயரத்துக்கு நிற்கும். சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்க்காமலே படித்துவிட்டுப் போகலாம். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959இலேயே இருக்கிறது. 2000-களில் ஆணையம் அதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்ட பிறகு நகரத்துச் சுவர்கள் வெளுத்தன. வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரைப் பிடிக்கும் அடாவடி ஒழிந்தது நல்லதே. கையெழுத்துக் கலைஞர்கள் சிலர் கடைப் பலகைக்குப் போனார்கள். அதையும் ஃபிளக்ஸ் எடுத்துக்கொண்டது.

பூத் சிலிப் எழுதுவது இன்னொன்று. பாகம் எண், வரிசை எண், பெயர், சாவடி என்று துண்டுச் சீட்டில் எழுதி வீடு வீடாகக் கொடுக்க, கையெழுத்து நன்றாயிருக்கும் பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடிப்பார்கள். தேநீரும் சிற்றுண்டியும் உறுதி; கைச்செலவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். சீட்டின் மேல்புறம் கட்சிச் சின்னம் இருக்கும், ஆகவே அதை வாங்குவதே ஒரு சாய்வு என்று தயங்கிய வீடுகளும் உண்டு. இன்று சின்னம் ஏதுமில்லாத வாக்காளர் தகவல் சீட்டை அரசு ஊழியரே கொண்டுவந்து கொடுக்கிறார். தயக்கத்துக்கு இடமில்லை.

1989 இந்த ஊருக்கு இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு மார்ச்சில் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. செப்டம்பரில் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை மாவட்டத் தலைநகர் ஆனது. அதுவரை தேர்தல் காரியம் எதற்கும் வேலூரைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரில், இப்போது வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம். தேர்தல் நெருங்கினால் கணினி இயக்குபவர், வாடகைக் கார் ஓட்டுநர், பந்தல்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர் என்று பலருக்கும் அங்கே சில வாரங்கள் வேலை இருக்கிறது. வாகனங்களைத் தேர்தலுக்கு எடுத்துக்கொள்ள மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 160ஆம் பிரிவு இடம் தருகிறது. 1993 ஆகஸ்டில் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவிட்டதும், ஸ்டூடியோவைத் தாண்டாத கேமராக்கள் பள்ளிக்கூட வராந்தாவுக்கு வந்தன. வெள்ளைத் துணித் திரை, ஒரு நாற்காலி, ஒருவர் பின் ஒருவராக ஊர் முழுவதும். தன் வாழ்நாளில் முதல் புகைப்படத்தை அந்த நாற்காலியில் எடுத்துக்கொண்ட பாட்டிகள் அந்நாளில் ஏராளம். பலர் வீட்டில் பிறகு சுவரில் மாட்டிப் பூப்போட்ட படமும் அந்த அட்டையிலிருந்து பெரிதாக்கியதுதான்.

இன்று செங்கம் சாலையில் தேர்தல் வருவது முதலில் தெரிவது பறக்கும் படையின் காரால். இதே சாலைதான் செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை. கர்நாடக, ஆந்திரப் பதிவெண் கார்கள் பகலும் இரவும் வந்துகொண்டிருக்கும். நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் அதிகாரி ஒருவர், காவலர்கள், ஒரு வீடியோகிராஃபர் என்று ஒரு குழு அமைகிறது. உரிய ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் அது கருவூலத்துக்குப் போகும். அந்த வீடியோகிராஃபர் பெரும்பாலும் உள்ளூரில் கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவர். பங்குனியில் முகூர்த்தம் குறையும் காலத்தில் சில வாரங்களுக்கு நிச்சயமான வரும்படி. ஆனால் கல்யாணத்தில் பழகிய கை இங்கே வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். முகத்தைத் தேடக் கூடாது; காரின் எண், டிக்கியைத் திறக்கும் கை, எண்ணப்படும் கட்டு, எழுதப்படும் ரசீது இவை இடைவெட்டில்லாமல் பதிவாக வேண்டும். எட்டு மணி நேர முறை முடிந்ததும் பதிவை ஒப்படைக்க வேண்டும். கர்ணம் காலத்தில் அதிகாரியின் சொல்லே சாட்சி. இன்று அதிகாரியையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கிறது ஒரு கண். 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாள் இரவே சித்ரா பௌர்ணமியும் தொடங்கியது. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் வரும் கூட்டத்துக்கு நடுவே அந்த வாரத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்த்தவர்களின் பாடு தனியாக எழுதத் தக்கது.

வீட்டிலேயே வாக்குப் பெறும் குழு இப்போது வந்த புதிய வேலை. தமிழ்நாட்டில் 2021இல் 80 வயதைக் கடந்தவர்களுக்குத் தொடங்கியது. 2024 மார்ச்சில் வயது வரம்பு 85 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. 12டி படிவம் கொடுத்தவர்களின் வீட்டுக்கு, வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பாகவே இரண்டு அலுவலர்கள், ஒரு காவலர், ஒரு வீடியோகிராஃபர் வருகிறார்கள். ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் இது சிறிய விஷயம் அல்ல. பணி ஓய்வுக்குப் பிறகு கடைசிக் காலத்தை மலையடிவாரத்தில் கழிக்க வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். பிள்ளைகள் வெளிநாட்டில், துணைக்கு ஒரு பணிப்பெண். முற்றத்து மேசையில் அட்டைத் தடுப்பை நிறுத்துகிறார்கள். கேமரா தடுப்புக்கு இந்தப் பக்கத்தையே பார்க்கிறது. உள்ளே குறிக்கும் கையைப் பார்ப்பதில்லை. முதியவர் சீட்டை உறைக்குள் வைத்து ஒட்டி, அதை இன்னோர் உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுக்கிறார். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டும், மாட்டுவண்டியில் படுக்கவைத்தும் சாவடிக்குக் கொண்டுபோவார்கள். தூக்குகிறவர்கள் ஏதோ ஒரு கட்சிக்காரர்கள். சாவடி வாசல்வரை அவர்கள் காதில் ஓதிக்கொண்டே வருவதும் உண்டு. அந்தத் தொந்தரவு போயிற்று. தெரிந்த முகங்களைப் பார்த்து, வரிசையில் நின்றவர்கள் வழிவிட, ஊரோடு ஒருவராய் விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பும் அந்தப் பொழுதும் போயிற்று. எண்பத்தேழு வயதில் சாவடிக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களின் காரணம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

மீண்டும் பட்டியலுக்கு வருகிறேன், ஏனெனில் எல்லா வேலைக்கும் வேர் அதுதான். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இதற்கு முன் அப்படியொன்று நடந்தது 2002, 2005 ஆண்டுகளில். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒவ்வொருவரும் தம் பாகத்தின் எல்லா வீட்டுக்கும் படிவம் கொடுத்து, நிரப்பியதைத் திரும்ப வாங்கி, கைப்பேசியில் ஏற்ற வேண்டும். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், சத்துணவு அமைப்பாளர், உள்ளாட்சி ஊழியர் ஆகியோரே இந்த பி.எல்.ஓ.க்கள். முதலில் குறித்த கடைசி நாள் டிசம்பர் 4. திருவண்ணாமலையில் அதற்கு முந்தின நாள் கார்த்திகை மகாதீபம். நவம்பர் 24 கொடியேற்றத்திலிருந்தே ஊர் ஊராக இருக்கவில்லை. தெருவை அடைத்துக் கட்டைகள், வீடெல்லாம் விருந்தாளிகள், வாடகை அறையெல்லாம் வெளியூர்க்காரர்கள். அந்தக் கூட்டத்துக்குள் படிவக் கட்டோடு நுழைந்து, நிரந்தரக் குடியிருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிறகு கடைசி நாள் 11ஆம் தேதிக்கும், 14ஆம் தேதிக்கும் தள்ளிப்போனது.

ரமண நகர்ப் பக்கத்துத் தெரு ஒன்றில் அங்கன்வாடி ஊழியரான ஒரு பி.எல்.ஓ. நடப்பதைக் கண்டவர்களுக்கு அந்த வேலையின் கனம் தெரியும். தோளில் துணிப்பை, அதில் ரப்பர் வளையம் போட்ட கட்டுகள். ஒருவருக்கு இரண்டு பிரதி. ஒவ்வொன்றிலும் பழைய புகைப்படமும் கியூஆர் குறியீடும் அச்சாகி இருக்கும். கதவைத் தட்டினால் திறப்பவர் சில வீடுகளில் வெளிநாட்டவர்; குளிர்காலம் முழுவதும் வாடகைக்கு இருப்பவர், வாக்காளர் அல்ல. வீட்டுக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். பட்டியலில் பெயர் இருப்பவர் யாரென்று கீழ்வீட்டுக்காரருக்கும் தெரியாது. மூன்று முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி, அண்டை வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆள் இருந்தாலும், "2002 லிஸ்டுல உங்க பேரு எந்த ஊர்ல இருந்துச்சும்மா?" என்ற கேள்விக்கு விடை கிடைப்பது எளிதல்ல. கல்யாணமாகி வந்த பெண்கள் தாய் தகப்பன் பெயரைச் சொல்லி, அந்த ஊர்ப் பட்டியலைக் கைப்பேசியில் தேடச் செய்தார்கள்.

கிரிவலப் பாதையில் தங்கும் சாதுக்களின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. இடுப்பில் காவி, கையில் தூக்கு, இரவில் ஏதோ ஒரு மண்டபத் திண்ணை. வீடில்லாதவரும் வாக்காளராகலாம் என்பது ஆணையத்தின் விதி. முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அவர் சொல்லும் இடத்துக்கு அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போய், அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். கர்ணத்தின் நோட்டில் இப்படிப்பட்டவருக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்களா என்பது சந்தேகமே. ஆனால் அந்த இரவுப் பயணத்தைச் செய்ய வேண்டியவர் பகலெல்லாம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண் என்பதை விதி எழுதியவர்கள் நினைத்தார்களா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டு வாக்காளர் எண்ணிக்கை 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாக இறங்கியிருந்தது. விடுபட்ட 97 லட்சம் பேரில் இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள். பெயர் சேர்க்கவும் ஆட்சேபம் சொல்லவும் பிறகு காலம் தரப்பட்டது. அன்று தம் பெயரைச் சொல்லாததால் நாடு முழுவதும் 28 லட்சம் பேர் விடுபட்டார்கள். இன்று பெயர், படம், எண் எல்லாம் கையில் இருந்தும், ஆள் எங்கே என்று சொல்ல யாரும் இல்லாததால் ஒரே மாநிலத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டவர்கள் 'இடம்பெயர்ந்தவர்' அல்லது 'காணப்படாதவர்' ஆனார்கள். குற்றம் படிவத்தில் மட்டும் இல்லை. ரமண நகரில் பக்கத்து வீட்டார் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

சம்பளத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பி.எல்.ஓ.வின் மதிப்பூதியம் 2015 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் 12,000 ஆனது. மாதக் கணக்கில் ஆயிரம். திருத்தப் பணிக்குத் தனி ஊக்கத்தொகை உண்டு. இரட்டிப்பு என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த நவம்பரில் வருவாய்த் துறை ஊழியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கியபோது பணத்தைவிட அழுத்தமாகச் சொன்னது பணிச்சுமையையும் காலக்கெடுவையும்தான்.

1951இன் 16,500 எழுத்தர்களை நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதனால்தான். அவர்களுடைய தட்டச்சு இயந்திரம் இன்று தேவையில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் அது ஒன்றே அவர்கள் வேலையாக இருந்தது. இன்று பட்டியல் வேலை இன்னொரு வேலையின் தலைமேல் ஏற்றப்படுகிறது. அங்கன்வாடி ஊழியர் தெருவில் இருக்கும் நாளில் மையத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, கழுவிவிட்டு, தூங்கவைக்க உதவியாளர் ஒருவரே மிஞ்சுகிறார். திருவண்ணாமலையில் பட்டம் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கைப்பேசி அவர்களுக்குக் கைவந்த கலை. பி.எல்.ஓ. ஒருவருக்கு ஒருவராகச் சில மாத ஒப்பந்தத்தில், நாள் சம்பளத்தோடு, கட்சி சாராதவர் என்று சரிபார்த்து அவர்களை அமர்த்தலாம். பூட்டிய வீட்டுக்கு நான்காம் முறை போகவும், கிரிவலப் பாதைத் திண்ணைகளுக்கு இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் போகவும் அவர்களுக்கு நேரம் இருக்கும்.